கைத்தொழிற் கல்வியும் வடசென்னையும்



இராயபுரத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்பவர் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தையும், தண்டையார்ப்பேட்டையையும், திருவொற்றியூரின் பழமையான சிவாலயத்தையும் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தை அடைவர். வழி நெடுகிலும் ஒருபுறம் கடலும் மறுபுறம் ஆலைகளுமாகக் காட்சி தரும் பகுதி இது. இப்பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியனாகச் சேர்ந்து தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். ஆலைச் சங்கு ஊதும் ஓசையும் பள்ளி மணியோசையும் ஒருங்கே கேட்கும் இடத்தில் என் பணிக்காலம் கழிந்தது. அந்த இரண்டு ஓசைகளுக்கும் இடையே உள்ள உறவு யாது என்னும் வினா என்னை நெடுநாள் விட்டபாடில்லை. ஆலையில் நடக்கும் தொழிலைப் பள்ளியில் கற்பிக்க அரசு என்னென்ன செய்தது? அதனால் விளைந்த நன்மை என்ன? எங்கே தவறியது? இவற்றை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1794-ஆம் ஆண்டிலேயே சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரிக்கு மூலம் அதுவே. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் கலை, கைத்தொழில் ஆகியவற்றைப் பயிற்றுவிக்கும் பள்ளியைத் தம் சொந்த முயற்சியால் நிறுவினார். 1852-இல் அதனை அரசு ஏற்றுக்கொண்டது. இப்பொழுது அரசு கவின்கலைக் கல்லூரி என வழங்குவது அப்பள்ளிதான்.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதே ஆண்டில் பெரம்பூரில் இரயில்வே பணிமனையும் தோன்றியது. 1876-இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. பக்கிங்காம் ஆலையும் அவ்வாண்டே பிறந்தது. இத்தனை இயந்திரங்களை இயக்கும் கைகள் எங்கிருந்து வந்தன? பள்ளிகளிலிருந்து வரவில்லை. கொல்லரும் தச்சரும் மேஸ்திரிகளின் கீழ் நின்று கண்ணால் பார்த்துக் கையால் பழகினர். ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்வார் இல்லை. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயது நிறைந்த குழந்தை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் ஆலையில் உழைக்க இடங்கொடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அக்குழந்தைக்குப் பள்ளி மணி எப்படிக் கேட்டிருக்கும்?

1882-இல் மற்றொரு ஹண்டர், அதாவது வில்லியம் ஹண்டர், தலைமையில் கல்விக் குழு ஒன்று அமைந்தது. உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளை இரண்டு கிளைகளாகப் பிரிக்கலாம் என்று அக்குழு கூறியது. ஒரு கிளை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கும், மற்றொன்று வாணிகம் முதலிய நடைமுறைத் தொழில்களுக்கும் மாணவரை ஆயத்தம் செய்யும். சென்னை அரசு 1886-இல் தொழில், அறிவியல், வாணிகப் பாடங்களுக்கெனத் தேர்வுகளை ஏற்படுத்தியது. தட்டச்சுப் பள்ளிகளில் பயின்று அரசுத் தேர்வு எழுதும் இளைஞர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த மரபின் வேர் அங்கே இருக்கிறது. ஆயினும் இரண்டாவது கிளையில் கூட்டம் சேரவில்லை. காரணம் எளிது. முதற் கிளை கல்லூரிக்கும் குமாஸ்தா உத்தியோகத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டாவது கிளை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பாதை எங்கே போகிறது என்று தெரியாமல் தம் பிள்ளையை அதில் அனுப்பப் பெற்றோர் தயங்கியதில் வியப்பில்லை.

அடுத்து ஆல்பிரட் சாட்டர்டன் என்பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர், கலைப் பள்ளியின் பொறுப்பையும் ஏற்று, 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். மாணவர் கற்கும் பட்டறையே ஒரு புதிய தொழிலுக்குத் தொட்டிலாயிற்று. 1903-இல் அத்தொழில் தனியார் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பின்னர், கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைப் பறிகளுக்கு உதவும்படி குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளையும் அவர் செய்தார். 1908-இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாடு இம்முயற்சிகளுக்கு ஊக்கமளித்தது. ஆனால் அரசே தொழில் நடத்துவது தனியார் வாணிகத்துக்குப் போட்டியாகும் என ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டனர். 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு அதற்குத் தடை விதித்தார். அரசு தொழிலைக் கற்பிக்கலாம், தொழிலை நடத்தலாகாது என்பது அவர் கருத்து. வேலையில்லாத இடத்தில் வேலையைக் கற்பிப்பது எங்ஙனம் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

எனினும் முயற்சி முற்றிலும் அற்றுப்போகவில்லை. 1915-இல் வண்ணாரப்பேட்டையில் தோல் தொழிற் பள்ளி ஏற்பட்டது. 1916-இல் சென்னைத் தொழிற் பள்ளி பிராட்வேயில் தோன்றியது. 1937-இல் வெளியான அபட், வுட் ஆகியோரின் அறிக்கை பாலிடெக்னிக் என்னும் பெயரை நம் நாட்டில் பரப்பியது. சென்னைத் தொழிற் பள்ளியும் 1946-இல் மத்திய பாலிடெக்னிக் என்று பெயர் பெற்றுப் பிற்காலத்தில் தரமணிக்குக் குடிபெயர்ந்தது. வடசென்னையின் அருகே வேரூன்றிய கன்று தென்சென்னையில் மரமாயிற்று எனலாம்.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1948-ஐ ஒட்டிச் சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் பொறியியல், வேளாண்மை, நெசவு, செயலகப் பயிற்சி முதலிய பிரிவுகள் தொடங்கப்பெற்றன. 1952-53-இல் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பலநோக்குப் பள்ளிகளை அமைக்குமாறு பரிந்துரைத்தது. இவ்வேளையில்தான் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். குறைந்த செலவில் இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பதும், உடலுழைப்பின் பெருமையை உணர்த்தலாம் என்பதும் அவர் தரப்பு வாதங்கள். இது குலக்கல்வி, தோட்டியின் மகனைத் தோட்டியாகவே நிறுத்தும் ஏற்பாடு என்று பெரியாரும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

மாணவர்களே, இவ்விவாதத்தை மறந்துவிடாதீர்கள். தொழில் கற்பது இழிவு என்று எவரும் அன்று வாதிடவில்லை. எந்தத் தொழிலைக் கற்பது என்பதைப் பிறப்பு தீர்மானிப்பதா, கற்பவன் தீர்மானிப்பதா என்பதே அன்றைய வினா. தொழிற்கல்வித் திட்டம் எதுவாயினும் அதனை உரைத்துப் பார்க்க வேண்டிய உரைகல் இதுவேயாகும்.

இதற்கிடையே இப்பகுதி வேகமாக வளர்ந்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்டு ஆகி, எண்ணூரில் கனரக வாகனங்களைச் செய்தது. என்ஃபீல்ட் இந்தியா திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலும், எண்ணூரில் அனல் மின் நிலையம் 1970-இலும் இயங்கத் தொடங்கின. மத்திய அரசு 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தையும், 1961-இல் தொழில் பழகுநர் சட்டத்தையும் கொண்டுவந்தது. 1968-இல் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் சென்னைப் பிரிவு இராயபுரத்தில் அமைந்தது. மீன்பிடிக் கலம் செலுத்தவும் அதன் இயந்திரத்தைப் பேணவும் பத்தாம் வகுப்பு முடித்தோருக்கு அங்கே பயிற்சி உண்டு. மீனவச் சிறுவன் தந்தையின் கடலுக்கே மீளலாம். ஆனால் சான்றிதழும் அறிவியலும் கொண்டு, தன் விருப்பத்தால் மீளலாம். குலக்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது அதனுடன் தொழிற்பிரிவும் வந்தது. அதே ஆண்டில் டாக்டர் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, செய்யக் கற்றல் என்னும் கருத்தை வலியுறுத்தி அறிக்கை அளித்தது. கருத்து உயர்ந்தது. அதனை நாங்கள் நடைமுறைப்படுத்திய விதத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். என் மனச்சான்று நெடுநாளாய்ச் சுமக்கும் உண்மை அது.

நான் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள், பதினோராம் வகுப்புச் சேர்க்கை மேசையில் அமர்ந்திருந்தேன். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் மகன் ஒருவன் வந்தான். கணக்கில் நல்ல மதிப்பெண், ஆங்கிலத்தில் குறைவு. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, அவன் பெயரை இயந்திரத் தொழிற்பிரிவில் எழுதினேன். “இதைப் படித்தால் மேலே படிக்க முடியுமா, சார்?” என்று அவன் கேட்டான். “சீக்கிரம் வேலை கிடைக்கும், போ” என்றேன். அவன் கேட்ட கேள்விக்கு அது விடையன்று. விடை எனக்கே தெரியாது. மதிப்பெண் குறைந்தவனுக்குத் தொழிற்பிரிவு என்பது எங்கள் எழுதாத சட்டமாக இருந்தது. முப்பது பேருக்கு ஒரே ஒரு கடைசல் இயந்திரம். அதுவும் பாதி நாள் பழுது.

பல ஆண்டுகள் கழித்து அவனை இராயபுரம் மேம்பாலத்தருகே கண்டேன். ஆலையில் பிட்டராகச் சேர்ந்து, வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்குச் சென்று நான்கு ஆண்டுகளில் பட்டயம் பெற்று மேற்பார்வையாளன் ஆகியிருந்தான். “வழி இருந்தது சார். இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை” என்றான். அவன் என்னைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் என் மனம் சற்று இலேசாகியிருக்கும். அதன் பின்னர், நான் ஓய்வு பெறும்வரை, சேர்க்கை மேசையில் அமர்ந்தபோதெல்லாம், எந்தப் பிரிவிலிருந்து எந்தப் படிப்புக்குப் போகலாம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பெற்றோருக்குப் படித்துக் காட்டிய பின்னரே பெயரை எழுதினேன்.

இன்று அரசின் துணை முன்னினும் பெரிதாக இருக்கிறது. 2021-இல் இயற்றிய சட்டத்தின்படி பொறியியல், வேளாண்மை, மீன்வளம் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடம் உண்டு. 2022 மார்ச் முதல் நாள் நான் முதல்வன் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் வந்தன. ஐ.டி.ஐ. பயிற்சிக்கும் பட்டயப் படிப்புக்கும் அவ்வுதவி உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.கள் ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கப்பட்டன.

ஆயினும் பணம் மட்டும் போதாது. பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. ஒரே ஓர் இயந்திரத்தை மட்டும் இயக்கக் கற்றவனின் கல்வி அந்த இயந்திரத்தோடு மூப்படைந்துவிடும். கணிதமும் அறிவியலும் மொழியும் கற்றவன் புதிய இயந்திரத்தின் முன்னும் தயங்காது நிற்பான். ஆகவே தொழிற்பிரிவில் இவற்றைக் குறைப்பது சிக்கனமன்று, இழப்பேயாகும்.

நண்பர்களே, உங்களுள் ஒருவர் தொழிற்பிரிவைத் தேர்ந்தெடுத்தால் தலைநிமிர்ந்து தேர்ந்தெடுங்கள். ஆனால் சேர்க்கை மேசையில் இருப்பவரிடம் அந்த மாணவன் கேட்ட கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கையொப்பம் இடாதீர்கள். விடை தெரியாத ஆசிரியர் எவரேனும் இருப்பின் அவர் தேடித் தெரிந்துகொள்ளட்டும். அவ்வாறு செய்யத் தவறிய ஆசிரியன் ஒருவனின் வேண்டுகோள் இது.