சலுகையிலிருந்து பொறுப்புக்கு: இலங்கையில் அனுமதிப்பத்திர அதிகாரம் கட்டுப்பட்ட வரலாறு

அரசு வழங்கும் வியாபார அனுமதிப்பத்திரம் உரிமையா, சலுகையா? இவ்வினாவுக்கு இலங்கைச் சட்டம் 1950 இல் தந்த விடையும் 1990களில் தந்த விடையும் ஒன்றல்ல. இவ்விரு விடைகளுக்கும் இடைப்பட்ட காலமே அதிகாரியின் தற்றுணிபுக்கு எல்லை வகுக்கப்பட்ட காலம்.

புடவை அனுமதிப்பத்திர வழக்கு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புடவை பங்கீட்டுப் பொருளாயிற்று. 1945 ஆம் ஆண்டின் புடவைக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் புடவை விற்க முடியாதிருந்தது. வியாபாரி தொழிலைத் தொடரத் தகுதியற்றவர் என நம்புவதற்கு நியாயமான காரணங்கள் இருந்தால், கட்டுப்பாட்டாளர் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யலாம் என்றது 62 ஆம் ஒழுங்குவிதி. அவ்வாறு இரத்துச் செய்யப்பட்ட வியாபாரி ஒருவரின் மேன்முறையீடே, அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த கோமறைக் கழகம் 1950 இல் தீர்ப்பளித்த நக்குட அலி எதிர் ஜயரத்ன வழக்கு.

ராட்கிளிஃப் பிரபு வழங்கிய தீர்ப்பில் இரண்டு கூறுகள் உண்டு. நியாயமான காரணங்கள் அதிகாரியின் மனதில் மட்டும் இருந்தால் போதாது, அவை உண்மையிலேயே இருக்க வேண்டும் என்பது முதற் கூறு. 1941 இல், போர்க்காலத் தடுப்புக்காவல் தொடர்பான லிவர்சிட்ஜ் எதிர் அண்டர்சன் என்ற இங்கிலாந்து வழக்கில் அமைச்சரின் நம்பிக்கையே போதும் என்றனர் பெரும்பான்மையினர். அற்கின் பிரபு மட்டும் மறுத்திருந்தார். அந்தப் பெரும்பான்மைக் கருத்தைக் கோமறைக் கழகம் பொது விதியாக ஏற்கவில்லை. இரண்டாம் கூறு அதற்கு நேர்மாறானது. அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்வது ஒரு சலுகையை மீளப் பெறுவதே. அது நீதிமுறைச் செயல் அல்ல. ஆகவே அம்முடிவை நீக்கும் உறுதிகேள் எழுத்தாணை கிடைக்காது. மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று.

இரண்டாம் கூறு நெடுநாள் நிலைக்கவில்லை. 1963 இல் றிட்ஜ் எதிர் போல்ட்வின் வழக்கில் றீட் பிரபு அதன் தர்க்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். முதற் கூறோ வலுப்பெற்றது. லிவர்சிட்ஜ் பெரும்பான்மைத் தீர்ப்புப் பிழையானது என்பதை 1979 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையே ஏற்றுக்கொண்டது.

யாழ்ப்பாண மாநகர சபை

அடுத்த திருப்பம் யாழ்ப்பாணத்தில் நேர்ந்தது. 1966 மே மாதம் உள்ளூராட்சி அமைச்சர் யாழ்ப்பாண மாநகர சபையை, அதன் விளக்கத்தைக் கேளாமலே கலைத்தார். மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா வழக்குத் தொடுத்தார். கலைக்கும் அதிகாரம் அமைச்சரின் கருத்தைச் சார்ந்ததாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும், சபையின் விளக்கத்தைக் கேட்பது கடமை என்று கோமறைக் கழகம் தீர்மானித்தது. பாதிக்கப்பட்டவர் வகிக்கும் பதவி அல்லது உடைமையின் தன்மை, அதிகாரம் தலையிடும் சூழ்நிலை, விதிக்கப்படும் தண்டம் ஆகிய மூன்றையும் வைத்தே இக்கடமை தீர்மானிக்கப்படும் என்றும் அது கூறியது. ஆயினும் முறையிட வேண்டியது சபையே, முதல்வர் தனித்து அல்ல என்ற காரணத்தால் துரையப்பாவின் மேன்முறையீடும் தோற்றது. இரு வழக்குகளிலும் வழக்காளி தோற்றார், கோட்பாடு வென்றது.

சமத்துவ உரிமை

1978 அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிப்படுத்தியது. 126 ஆம் உறுப்புரை, உரிமை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நேரடியாக நாடும் வழியைத் திறந்தது. எதேச்சை சமத்துவத்துக்கு எதிரானது என்ற கருத்து, தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் பதவி தொடர்பான ராயப்பா வழக்கில் 1973 இல் இந்தியாவில் உருவாயிற்று. 1979 இல் பம்பாய் விமான நிலைய உணவகம் தொடர்பான ரமண தயாராம் ஷெட்டி வழக்கில், அரசு தான் அறிவித்த தகுதி நிபந்தனைகளுக்குத் தானே கட்டுப்பட்டது என்று இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது.

இலங்கையில் தற்றுணிபுக்கு எல்லை வகுக்கும் இப்போக்கு உச்சம் தொட்டது 1994 இல். மாகாண ஆளுநர் முதலமைச்சரை நியமிக்கும் அதிகாரம் குறித்த பிரேமச்சந்திர எதிர் மொன்டேகு ஜயவிக்கிரம வழக்கில், பொதுச் சட்டத்தில் கட்டற்ற தற்றுணிபு இல்லை, அது மக்கள் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பாகவே வழங்கப்படுகிறது என்று உயர் நீதிமன்றம் உரைத்தது. முகவர் ஒப்பந்தங்களுக்கும் இக்கோட்பாடு நீண்டது. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஓர் எரிபொருள் முகவர் ஒப்பந்தத்தை முடிவுறுத்தியது தொடர்பான விக்கிரமதுங்க எதிர் ரத்வத்த வழக்கில் (1998), ஒப்பந்த வாசகத்தின் பின்னால் அரச நிறுவனம் 12(1) இலிருந்து ஒளிந்துகொள்ள முடியாது என்பது நிலைநாட்டப்பட்டது.

எஞ்சிய இடைவெளி

உள்ளூராட்சி விடயத்தில் அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் எழுத்தாணை அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் தந்தது. இதனால் திருநெல்வேலிச் சந்தையை நிர்வகிக்கும் நல்லூர் பிரதேச சபை போன்ற ஒரு சபையின் அனுமதிப்பத்திர முடிவை எதிர்ப்பவர் கொழும்புக்குச் செல்ல வேண்டியதில்லை. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், முடிவுக்கான பதிவேடுகளைக் கேட்கும் வாய்ப்பை அளித்தது.

எனினும் மேற்கண்ட வழக்குகளின் முதன்மைப் பயன், வழங்கப்பட்டதைப் பறிப்பதைத் தடுப்பதிலேயே அமைந்தது. முதன்முறை யாருக்கு வழங்குவது என்பதில் தகுதியும் தெரிவு முறையும் முன்கூட்டியே எழுத்தில் வெளியிடப்படாதவரை, அளந்து பார்க்க நீதிமன்றத்தின் கையில் அளவுகோல் இராது.