மூன்று நாள் லீவு கேட்கும் பல்

தோட்டத்தில் பல்வலியை யாரும் நோயாக மதித்ததில்லை. காய்ச்சல்காரன் மலைக்குப் போகமாட்டான். வயிற்றுப்போக்கு வந்தவள் கூடையைத் தூக்கமாட்டாள். பல்வலிக்காரியோ கன்னத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பாள். வேலை நிற்காத நோய்க்கு வைத்தியம் எதற்கு என்பதுதான் துரைமார் காலத்து நியாயம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக இருந்தவரின் மகள் நான். அந்த நியாயம் துரைமாரோடு போய்விடவில்லை என்பதைப் பார்த்தே வளர்ந்தேன்.

சட்டங்களைப் பார்த்தாலும் அதே கதைதான். கோப்பிக் காலத்தில், 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென முதல் சட்டம் வந்தது. கோப்பி மாவட்டங்களுக்கு டொக்டர்மாரும் ஆஸ்பத்திரிகளும் கிடைத்தது அதனால்தான். கோப்பி இலைநோயில் அழிந்து, தேயிலை வந்து, 1886இல் ஊவா தனி மாகாணமாகிப் பதுளை அதன் தலைநகரமானது. 1912இல் சட்டத்தைத் திருத்தி விரிவாக்கினார்கள். 1916இல் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. இரத்தசோகை பிடித்தவனால் கவ்வாத்துக் கத்தியை ஓங்க முடியாதே! தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துப் பார்த்தது, காலரா லயத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. வேலையைக் கெடுக்கும் நோய் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு ஏற்பாடு இருந்தது. பல்லுக்கு மட்டும் சனங்களே பார்த்துக்கொண்டார்கள்.

எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? கராம்பைக் கடித்தார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார்கள், சொத்தைக் குழியில் புகையிலைத் துணுக்கை அடைத்தார்கள். கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் வாங்கினால் பல்லுப் பூச்சி விழுந்துவிடும் என்று கிழவிகள் சொல்வார்கள். அதைச் சிரித்துத் தள்ள வேண்டியதில்லை. பல்லைப் புழு தின்கிறது என்று பாபிலோன் காலத்திலிருந்து உலகமே நம்பியிருந்தது. பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1728இல் தன் நூலில் அப்படி ஒரு புழுவைத் தான் கண்டதே இல்லை என்று எழுதிய பிறகுதான் ஐரோப்பாவிலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இதெல்லாம் கைவிட்டால் டிஸ்பென்சரி. அப்பாவிடம் வெள்ளை எனாமல் தட்டும், கொதிநீரில் போட்டெடுத்த இரண்டு குறடுகளும், ஒரு டிஞ்சர் போத்தலும் இருந்தன. பல்லைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் பிடுங்குவார். ஆடாவிட்டால் பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதுவார். துண்டைக் கையில் வாங்கியவர்கள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். “டொக்டரய்யா, இங்கயே புடுங்கி விட்டுடுங்க. பதுளைக்குப் போனா ரெண்டு நாள் பேரு போயிரும்” என்று நாள் சம்பளத்தை நினைத்துச் சொல்வார்கள். கடைவாயின் கோடியில் பாதி முளைத்துச் சிக்கிய ஞானப்பல்லை மட்டும் யார் கெஞ்சினாலும் அப்பா தொடமாட்டார். “அது தாடை எலும்புக்குள்ள படுத்திருக்குப்பா. நான் இழுத்தா தாடையும் சேர்ந்து வரும்” என்பார்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். பல் மருத்துவப் படிப்பு கொழும்பில் தொடங்கியது 1938இல். 1950களில் அது பேராதனைக்கு மாறியது. லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்தை ஸ்வீடன்காரர்கள் உருவாக்கியது 1943இல். ரயிலும் டொக்டரும் ஊசியும் வந்து சேர்ந்த பிறகும், பதுளைக்கு மேலே நமுனுகுல, மடுல்சீமை மலைகளில் இருந்தவர்களுக்குப் பல் வைத்தியம் என்றால் பிடுங்குவது ஒன்றுதான். அடைத்துக் காப்பாற்ற நாலு தடவை பஸ் ஏற வேண்டும். பிடுங்க ஒரு தடவை போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் முழுதும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடங்களில் நம் ஆட்களின் வாய் இருக்கிறது. 1970இல் ஹெரால்ட் லோ என்ற நோர்வே அறிஞரின் குழு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் பற்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள் என்பதாலேயே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1986இல் முடிவு வெளியானது. அவர்களுக்குச் சொத்தை அநேகமாக இல்லை. விழுந்த பற்கள் ஈறு நோயால் விழுந்தவை. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகவும் 81 சதவீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. வைத்தியம் எட்டாத வாய் எப்படிக் கெடும் என்பதை விஞ்ஞானம் நம்மைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது.

அப்பா தொடாத அந்த ஞானப்பல்லைப் பதுளையில் எப்படி எடுக்கிறார்கள் என்று இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரும்பாலும் 17க்கும் 25க்கும் இடையில் முளைப்பது அது. சும்மா இருக்கும் ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு வழிகாட்டியே அப்படித்தான் சொன்னது. ஈறு அடிக்கடி வீங்கினால், பக்கத்துப் பல் கெட்டால் எடுத்துவிட வேண்டும். முதலில் எக்ஸ்ரே. பல்வேர் கீழ்த்தாடை நரம்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று அதில் தெரியும். பிறகு விறைப்பூசி. வலி தெரியாது, ஆனால் அழுத்தமும் துளைக்கும் சத்தமும் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். பஞ்சைக் கடித்தபடி அரை மணி நேரம் இருக்க வேண்டும். இரத்தம் நிற்காவிட்டால் ஈரத் தேயிலைப் பையைக் கடிக்கலாம் என்று வெளிநாட்டில் சொல்வார்கள். தேயிலையின் துவர்ப்புக்கு இரத்தத்தைக் கட்டும் குணம் உண்டு. லயத்தில் தேயிலைப் பை ஏது? டஸ்டைத் துணியில் முடிந்து கடிக்கப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரி தரும் பஞ்சு போதும்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். வாய் முழுதாகத் திறக்காது; கஞ்சிதான் சாப்பாடு. மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம். சிலருக்கு உதடு கொஞ்ச காலம் மரத்துப் போகும்; அது நிலைத்துவிடுவது அரிது. பல் இருந்த பள்ளத்தை மூடும் இரத்தக் கட்டி கழன்றால் எலும்பு வெளியே தெரிந்து, காது வரைக்கும் இடிக்கும். அதைக் கழற்றுவதில் பீடிக்கும் புகையிலை போட்ட வெற்றிலைக்கும் நிகரில்லை. மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலைதான். காலில் ஏறிய அட்டையை விழ வைப்பதும் அந்த எச்சில்தான். அதை ஒரு வாரம் விடு என்பது லேசான காரியமல்ல, ஆனால் விட்டே ஆக வேண்டும்.

அதைவிடக் கடினம் லீவு. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் வருகைக்கென்று நாளுக்கு 60 ரூபாய் தனியாக இருந்தது. 75 சதவீத நாட்கள் வேலைக்கு வந்தவருக்கே அது கிடைத்தது. பல்லுக்காக மூன்று நாள் படுத்தால் அந்த மூன்று நாள் சம்பளம் மட்டுமல்ல, மாதக் கணக்கே ஆட்டம் கண்டது. 2019இல் அந்தக் கொடுப்பனவு போய்விட்டது. 2024இல் நாள் சம்பளம் 1,350 ரூபாயானது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. ஞானப்பல் வைத்தியம் இன்று ஊவாவில் உண்டு; அதற்குப் பிறகு படுத்திருக்கும் மூன்று நாளுக்குத்தான் வழியில்லை. 1872இலிருந்து தோட்ட வைத்தியம் தவிர்த்து வந்த கேள்வி அதுதான். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுக்கு உட்காரும்போது இதையும் மேசையில் வைக்கட்டும். அதுவரைக்கும், தையல் போட்டு முடிந்ததும் மருந்துத் துண்டோடு சேர்த்து மெடிக்கல் சேர்ட்டிபிக்கட்டையும் வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். வாய் விறைத்திருந்தால் கூடப் போனவர் கேட்கட்டும்.