தொட்டிக்குள் ஒரு கொடி

போன்சாய் என்றதும் நம் நினைவில் எழுவது தட்டில் நிற்கும் ஒரு குட்டி ஆலமரம் அல்லது ஊசியிலை மரம். அடிமரம், கிளை, குடை என்று மரத்துக்கு ஓர் உருவம் உண்டு. அந்த உருவத்தைச் சுருக்கிக் காட்டுவதே அக்கலை என்று நாம் புரிந்துகொள்கிறோம். திராட்சைக்கு இந்த வசதி இல்லை. அது கொடி. பந்தல் கிடைத்தால் பந்தலின் உருவம், சுவர் கிடைத்தால் சுவரின் உருவம். தனக்கென்று ஓர் உருவமோ அளவோ இல்லாத ஒன்றை எப்படிச் சுருக்குவது? தொட்டித் திராட்சையின் வரலாற்றைப் படிக்கும்போது எழும் முதல் கேள்வி இது. விடை தேடிப்போனால், ஒரு பொழுதுபோக்கின் கதையோடு கடந்த இருநூறு ஆண்டுகளில் உலகத் திராட்சைத் தோட்டங்களைப் புரட்டிப்போட்ட நிகழ்வுகளும் சேர்ந்தே வருகின்றன.

தட்டில் செடி வளர்க்கும் வழக்கம் சீனாவில் தொடங்கியது. தாங் வம்சத்து இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறையில், 706ஆம் ஆண்டைச் சேர்ந்த சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டை ஏந்திச் செல்லும் பணியாள் ஒருவரைக் காணலாம். ஜப்பானில் 1309ஆம் ஆண்டின் கசுகா கோயில் ஓவியச் சுருளில் தொட்டி மரங்கள் வருகின்றன. அந்நாட்டுப் போன்சாய்க்காரர்கள் மலைகளில் தானாக விளையும் காட்டுத் திராட்சையையும் தட்டில் ஏற்றினார்கள். இலையுதிர்காலத்தில் செந்நிறமாக மாறும் அதன் இலைக்காகவும் உரிந்து தொங்கும் பட்டைக்காகவுமே அதை விரும்பினார்கள். பழத்துக்கான திராட்சையைத் தொட்டியில் அடக்கும் நுட்பம் வேறோர் இடத்தில், வேறொரு நோக்கத்தோடு முதிர்ந்தது. அந்த இடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து.

மேசைத் திராட்சை நன்கு பழுக்கப் போதுமான வெயில் இல்லாத நாடு அது. ஆகவே அங்கே திராட்சை கண்ணாடிக்குள் வாழ்ந்தது. கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்ட பிறகு பெரிய மாளிகைகள் மட்டுமல்லாமல் நடுத்தர வசதி கொண்ட வீடுகளும் கண்ணாடி வீடுகளைக் கட்டத் தொடங்கின. விருந்து மேசையில் பழத்தட்டு வைப்பதைவிடப் பழக்குலைகள் தொங்கும் உயிருள்ள கொடியையே தொட்டியோடு கொண்டுவந்து வைப்பது பெருமைக்குரியதாயிற்று.

அதற்கு அவர்கள் கையாண்ட உத்திகளுள் ஒன்று நம் ஊர்த் தோட்டக்காரர்களுக்கு உடனே விளங்கும். அது ஒரு வகைப் பதியம். குளிர்காலத்தில் கொடி உறங்கும்போது, தாய்க்கொடியின் முதிர்ந்த கிளை ஒன்றைச் சிறு தொட்டியின் அடித்துளை வழியே மேலே இழுத்துவிட்டு, தொட்டியில் மண்ணை நிரப்புவார்கள். வசந்தத்தில் தொட்டிக்கு மேலே துளிர் விட்டுக் குலை பிடிக்கும். தொட்டிக்குள் வேரும் இறங்கும். பழம் கனியும் தருவாயில் தொட்டிக்கு அடியில் கிளையை அறுத்துவிட்டால் ஒரு குட்டித் திராட்சை மரம் மேசைக்குத் தயார். இன்னொரு முறையில் ஒற்றைக் கணுவை நட்டு, முதலாண்டில் தண்டைத் தேற்றி, மறு ஆண்டில் காய்க்க விடுவார்கள். இரண்டு முறைகளிலும் முடிவு பெரும்பாலும் ஒன்றே. விருந்து முடிந்ததும் செடி குப்பைக்குப் போகும். ஒருமுறை காய்த்துக் களைத்த தொட்டிக்கொடியை மீண்டும் தேற்றுவதைவிடப் புதியதை வளர்ப்பது எளிது என்று தோட்டக்காரர்கள் கருதினார்கள். போன்சாயும் தொட்டித் திராட்சையும் பிரியும் இடம் இதுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஒன்றில் காலம் சேர்கிறது, மற்றதில் சேர்வதில்லை.

எனினும் அந்தத் தோட்டக்காரர்கள் கொடியைக் கூர்ந்து கவனித்தவர்கள். கிளெமென்ட் ஹோர் என்பவர் திறந்தவெளிச் சுவர்களில் திராட்சை வளர்ப்பது பற்றி எழுதிய நூல் 1835இல் வெளிவந்தது. அதில் எளிய கணக்கு ஒன்று உண்டு. அடித்தண்டின் சுற்றளவு 3 அங்குலம் ஆகும்வரை கொடியைக் காய்க்க விடக்கூடாது. 3 அங்குலத்துக்கு 5 பவுண்டு பழம். அதன்பின் ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் மேலும் 5 பவுண்டு. அதற்கு மேல் சுமை ஏற்றினால் கொடி தன் நாளைய உயிரை இன்றைய பழத்துக்குக் கொடுத்துவிடும். இன்றும் போன்சாய்த் திராட்சை வளர்ப்பவர் முதலில் கற்கவேண்டியது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். தொட்டியின் நெருக்கடியில் இலை ஓரளவு சிறுக்கும், பழம் சிறுக்காது. உள்ளங்கையளவு மரத்தில் முழு அளவுக் குலைதான் தொங்கும். ஆகவே ஒரு குலையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பூவிலேயே கிள்ளிவிட வேண்டும்.

இதே கணக்கை மறுதிசையில் நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் சான்று உள்ளது. தோட்டக் கலைஞர் லான்சலட் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் 1768இல் அங்கே ஒரு கொடியை நட்டார். பிளாக் ஹாம்பர்க் என்னும் வகை; ஷியாவா குரோசா என்றும் அதற்குப் பெயருண்டு. இன்று அதன் அடிச் சுற்றளவு சுமார் 4 மீட்டர். மிக நீண்ட கிளை 36 மீட்டருக்கும் மேல். 2005இல் உலகின் மிகப் பெரிய திராட்சைக்கொடி என்று கின்னஸ் அதை ஏற்றது. கிளைகள் கண்ணாடிக்குள்ளும் வேர்கள் வெளியேயும் இருக்கின்றன. அந்த வேர்ப்பரப்பில் வேறெதுவும் நடாமல் நிலத்தை வெறுமையாகவே வைத்திருக்கிறார்கள். விருந்து மேசைத் தொட்டிகளிலும் இதே பிளாக் ஹாம்பர்க் விரும்பி வளர்க்கப்பட்டது. ஒரே வகை, ஒரே தோட்டக்கலை மரபு; ஒன்று கையில் ஏந்தும் அளவு, மற்றது ஒரு மாளிகைக்கூடம் நிறையும் அளவு. வேருக்கு எவ்வளவு இடம், கத்தரிக்கு எவ்வளவு வேலை என்பதைப் பொறுத்தே இரண்டும் அமைந்தன. கொடியின் அளவு கொடிக்குள் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கண்ணாடி வீடுகளின் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1845இல் கென்ட் பகுதியின் மார்கேட் நகரில் எட்வர்ட் டக்கர் என்னும் தோட்டக்காரர் தன் திராட்சை இலைகளில் சாம்பல் தூவியது போன்ற படிவைக் கண்டார். பூஞ்சையியல் அறிஞர் பெர்க்லி அதற்கு டக்கரின் பெயரையே சூட்டினார். நம் விவசாயிகள் சாம்பல் நோய் என்று அழைப்பது இதைத்தான். சில ஆண்டுகளில் அது பிரான்சைச் சூறையாடியது. 1854இல் அந்நாட்டின் மது உற்பத்தி, நோய்க்கு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தால் நோய் அடங்கும் என்பதை டக்கரே கண்டிருந்தார். கந்தகத் தூள் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

நோயைத் தாங்கும் கொடிகளைத் தேடியவர்கள் அமெரிக்கத் திராட்சைகளை நாடினர். அதற்கு முன்பே நத்தானியேல் வார்டு என்னும் லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் பல மாதம் உயிரோடிருக்கும் என்று கண்டறிந்திருந்தார். 1842இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். நீராவிக் கப்பல்கள் அட்லாண்டிக் பயணத்தைச் சில வாரங்களாகச் சுருக்கியிருந்தன. வேரும் மண்ணுமாகக் கொடிகள் கடல் கடந்தபோது அவற்றோடு வேர்ப்பேனும் கடந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. 1863இல் லண்டனின் ஹாமர்ஸ்மித் பகுதிக் கண்ணாடி வீடொன்றிலிருந்து முடிச்சு விழுந்த திராட்சை இலைகள் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் வெஸ்ட்வுட்டுக்கு வந்து சேர்ந்தன. பிரான்சில் காரணம் தெரியாமல் பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களில் அதே பூச்சியை 1868இல் பிளாஞ்சோன் குழுவினர் அடையாளம் கண்டனர். ஃபைலாக்செரா என்னும் அந்தப் பூச்சியிடமிருந்து ஐரோப்பியத் திராட்சையைக் காக்க, இறுதியில் அமெரிக்க வேர்ச்செடிகளின் மீதே அதை ஒட்டுக்கட்ட வேண்டியிருந்தது. வெறும் குச்சிகளாகக் கொடிகள் பயணம் செய்த நூற்றாண்டுகளில் நேராத ஒன்று, அவை வேரோடு பயணம் செய்யத் தொடங்கிய சில பத்தாண்டுகளில் நேர்ந்துவிட்டது. தொட்டிக்குள் நாம் காப்பது செடியை மட்டுமல்ல; மண்ணில் உள்ள அனைத்தையும்தான்.

அதே கண்ணாடி வீடுகள் தந்த கொடையும் ஒன்று உண்டு, நமக்கு நெருக்கமானது. பெட்ஃபோர்ட்ஷயரில் டி கிரே பிரபுவின் தோட்டக்காரராக இருந்த ஸ்நோ என்பவர், 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளாக் ஹாம்பர்க்கையும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியாவையும் கலந்து புதிய வகை ஒன்றை உருவாக்கியதாகச் சொன்னார். மஸ்கட் ஹாம்பர்க் என்று அதற்குப் பெயர். பிற்கால மரபணுச் சோதனைகளும் இந்தப் பெற்றோரையே உறுதி செய்கின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை இந்த மஸ்கட் ஹாம்பர்க்தான். ஹாம்ப்டன் கோர்ட் கொடியின் இனத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை நேர்வாரிசு என்பதை அறிந்து அதை உண்பவர்கள் சிலரே. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஸ்நோவின் கூற்றை ஏற்றால், 1832இல் வந்த கொடி வேறு வகையாகவே இருந்திருக்க வேண்டும். பன்னீர்த் திராட்சை அதன்பின் வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும்.

இங்கு வந்த கொடி ஒன்றை இழந்தது: குளிர்காலத்தை. ஐரோப்பாவில் திராட்சை இலை உதிர்த்து உறங்கும். அந்த உறக்கத்தில்தான் கவாத்து. கம்பத்தில் அது உறங்குவதில்லை. விவசாயி கத்தரியை எடுக்கும் நாளே அதற்குக் குளிர்காலம். கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதால்தான் அந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கிறது. நம் ஊரில் திராட்சையைப் போன்சாயாக வளர்க்க விரும்புபவர் ஜப்பானிய நாட்காட்டியைப் பார்த்துப் பயனில்லை. கம்பத்துப் பந்தலைத்தான் பார்க்க வேண்டும். முதிர்ந்த தண்டில் ஓரிரு கணு விட்டு வெட்ட வேண்டும். புதுத் துளிரில்தான் குலை வரும். மண்ணை மாற்றும்போது சல்லிவேரைக் குறைத்தால் மேலே கிளையையும் குறைக்க வேண்டும். கோடையில் சிறு தொட்டி ஒரே பகலில் உலர்ந்துவிடும் என்பதால் தண்ணீர் விடும் பொறுப்பை ஒருநாள்கூட மறக்க முடியாது.

குள்ளத் திராட்சையை இயற்கையே உருவாக்கிவிட்ட கதையும் இருக்கிறது. ஷாம்பெய்ன் தயாரிப்பில் பயன்படும் பினோ மூனியே என்னும் வகையின் வெளித்தோல் அடுக்கில் மட்டும் ஒரு மரபணு பிறழ்ந்துள்ளது. அந்த அடுக்கின் செல்களிலிருந்து மட்டுமே வளர்த்தெடுத்த செடி குள்ளமாக இருந்தது. பற்றுக்கம்பி வரவேண்டிய இடங்களிலெல்லாம் பூங்கொத்து வந்தது. பாஸ், தாமஸ் ஆகிய இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002இல் இதை வெளியிட்டனர். ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கிக்குச் செடி செவிசாய்க்காததே காரணம். பசுமைப் புரட்சியின் குள்ளக் கோதுமையிலும் பிறழ்ந்திருப்பது இதே வகை மரபணு. பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே முளையின் இரு வடிவங்கள். ஏறுவதா காய்ப்பதா என்று கொடி ஒவ்வொரு கணுவிலும் தீர்மானிக்கிறது. இந்தக் குள்ளச் செடி ஏறுவதையே விட்டுவிட்டது.

சிறு தொட்டியில் ஓயாமல் காய்க்கும் அச்செடி ஆய்வாளருக்கு வரம். ஆனால் அதைப் போன்சாய் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அது சிறியதாகவே பிறந்தது. யாரும் அதைச் சிறியதாக வைத்திருக்க வேண்டியதில்லை. பெரிதாக முடிந்த கொடியை ஆண்டுதோறும் வேரிலும் கிளையிலும் அளந்து வெட்டி, அதன் சுமையைக் குறைத்து, அதன் உயிரை நீட்டிப்பது வேறு செயல். ஹாம்ப்டன் கோர்ட் கொடிக்கு இன்றும் தனிப் பராமரிப்பாளர் இருக்கிறார். அவருக்கு முன் அங்கு கத்தரி பிடித்தவர்களின் முடிவுகள் அதன் ஒவ்வொரு கிளையிலும் பதிந்துள்ளன. விருந்து மேசைக்காக வளர்ந்து மறுநாள் எறியப்பட்ட கொடிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. அளவில் போன்சாய்க்கு நெருக்கமானவை அவைதான். பண்பில் நெருக்கமானது 250 ஆண்டுகளைக் கடந்து நிற்கும் அந்தப் பெருங்கொடி.