யூ-பூட் துவக்க ஏற்றியில் ஐ2சி இயக்கி அமைவின் வரலாறு

யூ-பூட் என்பது உட்பொதி கணினிகளில் பயன்படும் ஒரு திறந்த மூலத் துவக்க ஏற்றி (பூட்லோடர்) ஆகும். மின்சாரம் வந்ததும் வன்பொருளை ஆயத்தப்படுத்தி, லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைப்பது இதன் வேலை. அந்த வேலைக்கு இது பெரிதும் சார்ந்திருக்கும் தொடர் பாட்டைகளில் (சீரியல் பஸ்) ஒன்று ஐ2சி. இப்பாட்டையின் இயக்கியை (டிரைவர்) யூ-பூட்டில் அமைக்கும் முறை இருபது ஆண்டுகளில் முழுவதுமாக மாறியது. பலகையில் எந்தச் சில்லு எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி முதலில் நிரலுக்குள் எழுதப்பட்டது. பின்னர் அது நிரலை விட்டு வெளியேறித் தனித் தரவாக மாறியது.

ஐ2சி பாட்டை

ஐ2சி பாட்டையை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கியது. தொலைக்காட்சி போன்ற கருவிகளுக்குள் இருக்கும் பல சில்லுகளைக் குறைந்த கம்பிகளால் இணைப்பதே நோக்கம். இதற்கு இரண்டே தடங்கள் போதும். ஒன்றில் தரவு செல்லும், மற்றொன்றில் கடிகாரத் துடிப்பு செல்லும். ஒவ்வொரு சில்லுக்கும் 7 பிட் முகவரி உண்டு. தொடக்க கால வேகம் நொடிக்கு 100 கிலோபிட். 1992-இல் வெளியான விவரக்குறிப்பு 400 கிலோபிட் வேகத்தைச் சேர்த்தது. பிலிப்ஸின் குறைகடத்திப் பிரிவு 2006-இல் என்எக்ஸ்பி என்ற தனி நிறுவனமானது.

மோட்டரோலா நிறுவனம் 1980களில் உருவாக்கிய எஸ்பிஐ, நான்கு தடங்களைக் கொண்ட மற்றொரு தொடர் பாட்டை. அது ஐ2சியைவிட வேகமானது. ஆனால் ஒவ்வொரு சில்லுக்கும் தனித் தேர்வுத் தடம் வேண்டும். வெப்ப உணரி, நேரக் கடிகாரம், மின்வழங்கல் மேலாண்மைச் சில்லு, சிறு ஈப்ராம் நினைவகம் போன்ற மெதுவான துணைச் சில்லுகளுக்கு ஐ2சியே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டது.

நினைவகத்துக்கு முன்பே தேவைப்படும் இயக்கி

இயங்குதளத்தில் ஓடும் இயக்கிக்கு நினைவகம் தயாராகக் கிடைக்கும். துவக்க ஏற்றியின் ஐ2சி இயக்கிக்கு அந்த வசதி இல்லை. செருகு நினைவகப் பலகைகளில் எஸ்பிடி எனப்படும் சிறு ஈப்ராம் இருக்கும். அந்த நினைவகத்தின் அளவும் கால இடைவெளிகளும் அதில் பதிந்திருக்கும். ஐ2சி வழியாக அதைப் படித்த பிறகே துவக்க ஏற்றியால் முதன்மை நினைவகத்தை இயக்க முடியும். அதாவது, நினைவகத்தை இயக்குவதற்கு முன் ஐ2சி இயங்க வேண்டும்.

இதனால் இயக்கியை எழுதுவோருக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. நிரல் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்தே ஓடும். அங்கு எழுத இயலாது என்பதால் பொது மாறிகளில் மதிப்பைச் சேமிக்க முடியாது. தற்காலிக அடுக்குக்குச் செயலியின் உள்ளே இருக்கும் சில கிலோபைட் நினைவகத்தையோ, பூட்டி வைத்த இடைமாற்று நினைவகத்தையோ (கேஷ்) பயன்படுத்த வேண்டும். யூ-பூட் இன்றியமையாத சில தகவல்களை ஒரு சிறு கட்டமைப்பில் வைத்து, அதன் முகவரியைச் செயலியின் ஒரு பதிவகத்தில் ஒதுக்கி வைக்கிறது. நினைவகம் தயாரான பின் யூ-பூட் தன்னையே அதன் மேற்பகுதிக்குப் படியெடுத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் மாறிகள் வழக்கம் போலச் செயல்படும்.

தொடக்கம்: 8எக்ஸ்எக்ஸ்ராம் முதல் யூ-பூட் வரை

இத்திட்டம் மேக்னஸ் டாம் எழுதிய 8எக்ஸ்எக்ஸ்ராம் என்ற நிரலிலிருந்து வளர்ந்தது. அது மோட்டரோலாவின் 8எக்ஸ்எக்ஸ் வகை பவர்பிசி செயலிகளுக்கானது. செருமனியைச் சேர்ந்த வொல்ஃப்கங் டெங்க் அதை சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குக் கொண்டு சென்றபோது, எண்ணில் தொடங்கும் பெயர்களை அத்தளம் ஏற்காததால், பிபிசிபூட் எனப் பெயரிட்டார். 2000 ஜூலையில் அதன் முதல் பொது வெளியீடு வந்தது. பிற செயலி வகைகளும் சேர்ந்ததால் 2002 நவம்பரில் திட்டம் யூ-பூட் என்ற பெயரைப் பெற்றது.

முதல் கட்டம்: தலைப்புக் கோப்பில் மேக்ரோக்கள்

அக்காலத்தில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தலைப்புக் கோப்பு இருந்தது. ஐ2சிக்கான எல்லா முடிவுகளும் அதில் மேக்ரோக்களாக எழுதப்பட்டன. செயலிக்குள்ளேயே ஐ2சி கட்டுப்பாட்டகம் இருந்தால் "ஹார்டு ஐ2சி" என்ற விருப்பத்தையும், இல்லையென்றால் "சாஃப்ட் ஐ2சி" என்ற விருப்பத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது முறையில் இரண்டு பொது முனைகளை நிரலே உயர்த்தியும் தாழ்த்தியும் பாட்டையின் துடிப்புகளை உருவாக்கும். தரவுத் தடத்தை உயர்த்துவது, படிப்பது, கடிகாரத் தடத்தை மாற்றுவது, இடையில் எவ்வளவு காத்திருப்பது என ஒவ்வொன்றையும் பலகை அமைப்பவர் மேக்ரோவாகத் தர வேண்டும். வேகமும் அவ்வாறே ஓர் எண்ணாகக் கொடுக்கப்பட்டது.

இயக்கி வழங்க வேண்டிய அடிப்படைச் செயற்கூறுகள் நான்கு: பாட்டையைத் துவக்குதல், ஒரு முகவரியில் சில்லு இருக்கிறதா எனத் தேடுதல், படித்தல், எழுதுதல். எல்லா இயக்கிகளும் இதே பெயர்களில் செயற்கூறுகளை வைத்திருந்ததால், ஒரு யூ-பூட் கோப்பில் ஓர் இயக்கியை மட்டுமே இணைக்க முடிந்தது. இம்முறை சிறியது, நினைவகம் இல்லாத நிலைக்குப் பொருத்தமானது. எந்தப் பலகைக்கு எது என்பது தொகுக்கும்போதே முடிவாகிவிடுவதால், ஓடும்போது தேடவோ ஒப்பிடவோ எதுவும் இல்லை.

பாட்டை சிக்கிக்கொள்ளும் சிக்கலும் அக்காலத்திலேயே கவனிக்கப்பட்டது. ஓர் ஈப்ராமைப் படித்துக்கொண்டிருக்கும்போது செயலி மீள்துவக்கப்பட்டால், அது ஈப்ராமுக்குத் தெரியாது. பரிமாற்றம் தொடர்வதாக நினைத்து அது தரவுத் தடத்தைத் தாழ்த்தியபடியே வைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தாத வரை பலகை துவங்காது. கடிகாரத் தடத்தில் ஒன்பது துடிப்புகள் வரை அனுப்பினால் சில்லு தடத்தை விடுவிக்கும். இத்தகைய மீட்புப் பணிக்கென ஒவ்வொரு பலகையும் தன் சொந்தச் செயற்கூற்றைச் சேர்க்க யூ-பூட் இடம் தந்தது.

இரண்டாம் கட்டம்: பல பாட்டைகள்

ஒரே சில்லில் மூன்று நான்கு ஐ2சி கட்டுப்பாட்டகங்கள் வரத் தொடங்கியதும் பழைய முறை திணறியது. "நடப்புப் பாட்டை எண்" என ஒன்றை வைத்துக்கொண்டு, தேவைக்கேற்ப மாற்றும் ஒட்டுமுறை முதலில் வந்தது. அதை ஒவ்வோர் இயக்கியும் தன் வழியில் செய்தது. ஒரு செயற்கூறு பாட்டையை மாற்றிவிட்டு, பழைய நிலைக்குத் திருப்பாமல் விட்டால், அடுத்து வரும் நிரல் வேறு பாட்டையில் வேறு சில்லுக்கு எழுதிவிடும் ஆபத்து இருந்தது. எழுதப்படுவது மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சில்லாக இருந்தால் விளைவு வன்பொருள் சேதம் வரை செல்லலாம்.

ஹைகோ ஷோகர் உருவாக்கிய பல்பாட்டைக் கட்டமைப்பு 2013-இல் யூ-பூட்டில் சேர்ந்தது. வெவ்வேறு இயக்கிகள் ஒரே கோப்பில் ஒன்றாக இருக்கவும், இடையில் தடமாற்றிச் சில்லுகள் உள்ள பாட்டைகளை அட்டவணையாக விவரிக்கவும் இது வழிசெய்தது. ஆனால் அட்டவணை இன்னும் பலகையின் தலைப்புக் கோப்பிலேயே இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலகை அமைவுகளும், விருப்பங்களை விளக்க ஆயிரக்கணக்கான வரிகளும் கொண்டதாகத் திட்டம் வளர்ந்திருந்தது. ஒரு மேக்ரோவின் பெயரைத் தவறாக எழுதினாலும் தொகுப்பி எச்சரிக்காது. இயக்கி ஓசையின்றி விடுபட்டுப் போகும்.

மூன்றாம் கட்டம்: கேகான்ஃபிக், சாதன மரம், இயக்கி மாதிரி

2014-ஐ ஒட்டி மூன்று மாற்றங்கள் ஒன்றுசேர்ந்தன. மசாஹிரோ யமாடா, லினக்ஸ் கருவில் பயன்படும் கேகான்ஃபிக் முறையை யூ-பூட்டுக்குக் கொண்டுவந்தார். விருப்பங்களுக்கு வகையும் விளக்கமும் சார்புநிலையும் கிடைத்தன. பலகையில் உள்ள சில்லுகளை விவரிக்கும் சாதன மரம் (டிவைஸ் ட்ரீ) அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சைமன் கிளாஸ் முயற்சியால் நுழைந்திருந்தது. ஓப்பன் ஃபர்ம்வேர் மரபில் பிறந்து, பவர்பிசி லினக்ஸ் வழியாகப் பரவிய இம்முறையை, 2011-க்குப் பின் ஆர்ம் செயலிகளின் லினக்ஸும் ஏற்றுக்கொண்டது. மூன்றாவது, சைமன் கிளாஸ் முன்னின்று உருவாக்கிய இயக்கி மாதிரி.

இதன்பின் ஓர் ஐ2சி இயக்கியை அமைப்பது மூன்று படிகளாயிற்று. கேகான்ஃபிக்கில் இயக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதன மரத்தில் கட்டுப்பாட்டகத்தின் பதிவக முகவரி, முனை அமைப்பு, வேகம் ஆகியவற்றைக் குறித்து, அதன் கீழ் ஒவ்வொரு சில்லையும் முகவரியோடு எழுத வேண்டும். இயக்கி, தான் ஏற்கும் வன்பொருளின் பொருத்தப் பெயரை அறிவிக்கும். அப்பெயர் மரத்தில் தென்பட்டால் யூ-பூட் இரண்டையும் இணைத்துவிடும். அதே மரத்தை லினக்ஸும் படிக்க முடியும் என்பதால், பலகையை இருமுறை விவரிக்கும் தேவை குறைந்தது.

சுருக்கமும் பொதுமையும்

தரவைப் படித்து ஓடும் நிரல் பெரியது. நினைவகம் தயாராகும் முன் அதற்கு இடமில்லை. செயலியின் உள் நினைவகத்துக்குள் அடங்கும் எஸ்பிஎல் என்ற சிறிய முதல்நிலை ஏற்றி 2011 முதல் யூ-பூட்டில் உள்ளது. 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் பலகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முந்தைய பீகிள்போன் டிடிஆர்2 நினைவகமும், பிளாக் டிடிஆர்3 நினைவகமும் கொண்டவை. இரண்டுக்கும் ஒரே எஸ்பிஎல் ஓட வேண்டுமானால், அது முதலில் ஐ2சி முனைகளை இயக்கி, ஈப்ராமில் பதிந்துள்ள பலகைப் பெயரைப் படித்து, அதற்கேற்ப நினைவகத்தை அமைக்க வேண்டும். அதே பாட்டை வழியாகத்தான் செயலியின் மின்னழுத்தமும் உயர்த்தப்படுகிறது. அந்த ஈப்ராம் வெறுமையாக இருந்தால் பலகையை அடையாளம் காண வழியில்லை.

இடநெருக்கடிக்குப் பல தீர்வுகள் வந்தன. தொடக்கத்திலேயே தேவைப்படும் சாதனங்களை மட்டும் மரத்தில் அடையாளமிட்டு, மற்றவற்றை எஸ்பிஎல்லிலிருந்து நீக்கலாம். இந்த அடையாளங்கள் 2023-இல் பொதுத் தரப் பெயர்களாக மாற்றப்பட்டன. 2016-இல் வந்த மற்றொரு வழி, சாதன மரத்தைத் தொகுக்கும்போதே சி மொழிக் கட்டமைப்புகளாக மாற்றிவிடுகிறது. இதனால் மிகச் சிறிய நினைவகத்தில் பலகை விவரம் மீண்டும் நிரலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. ஆனால் இம்முறை அதைக் கையால் எழுதுவதில்லை; மரத்திலிருந்து கருவியே உருவாக்குகிறது.

மாற்றத்தின் விலை

பழைய முறையும் புதிய முறையும் சில காலம் அருகருகே இருந்தன. இரண்டுக்கும் பாலமாக ஓர் இடைக்கால ஒத்திசைவு அடுக்கும் இருந்தது. பின்னர் துணை அமைப்பு ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு விதிக்கப்பட்டது. மாற்றப்படாத பலகைகள் மூல நிரலிலிருந்து நீக்கப்பட்டன. பராமரிப்பாளர் இல்லாமல் போன பல பழைய பவர்பிசி பலகைகள் இவ்வாறு மறைந்தன. வன்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும், அவற்றின் உரிமையாளர்கள் பழைய வெளியீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேர்வதில்லை.

பயன்பெற்றவர்களும் உண்டு. முன்பு ஒரு புதிய வெப்ப உணரியைச் சேர்க்க மேக்ரோக்களையும் பலகைக்கான சி நிரலையும் திருத்த வேண்டியிருந்தது. இன்று, அதற்குரிய இயக்கி இருந்தால், மரத்தில் சில வரிகள் எழுதி, யூ-பூட் கட்டளை வரியில் பாட்டையைத் தேர்ந்தெடுத்து, எந்த முகவரிகளில் சில்லுகள் பதிலளிக்கின்றன என்று பார்த்தாலே போதும். அத்தேடல் கட்டளை பிபிசிபூட் மரபில் வந்தது; அதற்குக் கீழே இருந்த அமைவு முறைதான் மாறியுள்ளது.