தாய்மையைக் காத்த பரிசோதனைகள்

மட்டக்களப்பு வாவி முடிவடையும் இடத்திலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீண்டு கிடக்கின்றது ஒரு கடற்கரை. கிழக்கே கடல்; மேற்கே வயல். இடையிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. தறியும் வலையும் ஏரும் இம்மக்களின் வாழ்வுக்கு ஆதாரம். மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்த இப்பிரதேசம் 1961 ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டத்தோடு சேர்ந்தது. இதன் அரசியல் வரலாற்றைப் பலர் பேசியிருக்கின்றனர். இதன் பேறுகால வரலாறோ வீட்டின் உள்ளறையிலேயே தங்கிவிட்டது.

‘சோதனை’ என்ற சொல்லுக்கு இம்மக்களின் வழக்கில் இரு பொருள் உண்டு. இறைவன் அடியானுக்கு அளிக்கும் துன்பமும் சோதனை. வைத்தியர் செய்யும் ஆய்வும் சோதனை. பேற்றிலே ஒரு தாய் மாண்டபோது முன்னோர் அதனை முதற்பொருளிலே கொண்டு பொறுமை காத்தனர். இரண்டாம் பொருளிலே சோதனை வந்து சேர்ந்த பின்னரே, அத்தகைய மரணங்களிற் பெரும்பாலானவை தடுக்கக் கூடியவை என்பது தெளிவாயிற்று. அந்தச் சோதனை இக்கரைக்கு எவ்வாறு வந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இப்பகுதிக் குடும்ப அமைப்பிலே ஒரு சிறப்பு உண்டு. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். குடி வழியும் தாய் வழியே கணிக்கப்படும். ஆதலால் பெண்ணொருத்தி கருவுற்றால் அந்நிய வீட்டிலே தனித்து நிற்பதில்லை. தாயும் தாயின் தாயும் சகோதரிகளும் அருகிலேயே இருப்பர். பேறு வீட்டிலேயே நிகழும். ஊர் மருத்துவிச்சி அதனைப் பார்ப்பாள். நாற்பது நாட் காவலும் பத்தியமும் அங்கேயே நடக்கும். மருத்துவிச்சியின் கை அனுபவம் மிகுந்தது. வயிற்றைத் தடவிப் பிள்ளையின் தலை எப்பக்கம் உள்ளது என்பதை அவள் அறிவாள். ஆனால், கையால் தடவி அறிய முடியாத பகைவர் சிலர் உடலினுள்ளே மறைந்திருந்தனர். கர்ப்பிணியின் கால் வீங்கினால் அது பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்பு என்று விட்டுவிடுவர். பேற்று நேரத்திலே வலிப்புக் கண்டால் பேய்க்குற்றம் என்று எண்ணி ஓதிப் பார்ப்போரும் இருந்தனர்.

அவ்வலிப்பின் மர்மம் மெல்ல மெல்லவே வெளிப்பட்டது. 1843 ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோன் லீவர் என்பார், வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரிலே அல்புமின் என்னும் சத்துக் கலந்திருப்பதைக் கண்டார். 1896 இல் இத்தாலியரான றிவா றொச்சி, கையிலே பட்டி சுற்றிக் குருதியமுக்கத்தை அளக்கும் கருவியை அமைத்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. வலிப்பு திடீரென வருவதன்று. அதற்குச் சில நாட்களோ வாரங்களோ முன்னரே பெரும்பாலும் குருதியமுக்கம் உயர்கின்றது. சிறுநீரிலே அல்புமின் தோன்றுகின்றது. தாய்க்கு அப்போது நோவும் இல்லை, நோயின் உணர்வும் இல்லை. சோதனைக் குழாயிலே சிறிது சிறுநீரை எடுத்து விளக்கிலே சூடாக்கினால், வெந்த முட்டையின் வெண்கருவைப் போல அது வெண்மையாகக் கலங்கும். இந்த எளிய சோதனை எண்ணற்ற தாய்மாருக்கு எச்சரிக்கை மணியாயிற்று.

ஏனைய சோதனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1901 ஆம் ஆண்டிலே லாண்ட்ஸ்ரைனர் இரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். 1906 இல் வாசர்மன் சிபிலிஸ் நோயை இரத்தத்திலே கண்டறியும் முறையை வகுத்தார். 1940 இல் றீசஸ் காரணி வெளிப்பட்டது. தாயின் இரத்தம் அக்காரணி இல்லாததாகவும் சிசுவின் இரத்தம் அக்காரணி உடையதாகவும் இருந்தால், அடுத்த சிசுவுக்கு ஆபத்து நேரக்கூடும் என்பது அதனால் விளங்கிற்று. 1958 இல் கிளாஸ்கோ நகரின் இயன் டொனால்ட், காதுக்கு எட்டாத ஒலியலைகளால் கருவிலுள்ள சிசுவைக் காணும் முறையை உலகுக்கு அறிவித்தார்.

இலங்கையிலே இவ்வறிவு தமிழுக்கு முற்காலத்திலேயே வந்ததென்பது பெருமைக்குரியது. மானிப்பாயிலே மருத்துவக் கல்வி புகட்டிய அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், 1857 ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். 1879 இல் கொழும்பிலே டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. எனினும் நூலும் விடுதியும் தாயைத் தேடி ஊருக்குச் செல்வதில்லை; தாயே அவற்றைத் தேடிச் செல்ல வேண்டும். அந்நிலையை மாற்றியது 1926 ஆம் ஆண்டு. றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அவ்வாண்டில் ஆரம்பிக்கப்பட்டது. வைத்திய அதிகாரி ஒருவரின் கீழே, பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் வீடு வீடாகச் சென்றனர். நாளடைவில் அம்முறை நாடெங்கும் பரவிக் கிழக்குக் கரையையும் எட்டியது.

1930 களில் இலங்கையிலே ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் மாண்டனர். அதாவது ஐம்பது பேறுகளுக்கு ஒரு மரணம். ஏழு பிள்ளை பெறும் தாய் அந்த ஆபத்தை ஏழு முறை கடக்க வேண்டியிருந்தது. மலேரியாவும் அதனால் உண்டாகும் குருதிச்சோகையும் இத்தாய்மாரை முன்னரே நலிவித்திருந்தன. சோகை பிடித்த உடல், பேற்றின்போது சிறிது இரத்தம் இழந்தாலும் தாங்காது. 1946 ஆம் ஆண்டு தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவைத் தணித்தது. மருத்துவ மாதும் வைத்தியசாலையும் மற்றவற்றைக் கவனித்தன. 2010 களிலே அம்மரண எண்ணிக்கை ஓர் இலட்சத்துக்கு 30 ஐ ஒட்டி வந்து நின்றது. செல்வம் மிகுந்த நாடுகள் பலவும் வியக்கும் இறக்கம் இது.

இந்த வெற்றியிலே கல்விக்கும் பங்குண்டு. 1942 ஆம் ஆண்டிலே கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், உணவு உற்பத்திப் பணியோடு முஸ்லிம்களின் கல்விக்கும் வித்திட்டார். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. பின்னாளிலே மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற நிலையங்கள் இப்பகுதிப் பெண்களுக்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்தன. கிளினிக் அட்டையிலே எழுதப்பட்ட எண்ணைத் தானே வாசிக்கக் கூடிய தாய், அடுத்த வருகையை மறவாள். சென்ற முறை குருதியமுக்கம் எவ்வளவு, இம்முறை எவ்வளவு என்று கேட்கவும் அவளுக்குத் துணிவு உண்டாகும்.

இடையூறுகளும் வந்தன. 1980 களிலும் 1990 களிலும் போரும் இனக்கலவரமும் வீதிகளை மூடின. அடுத்த ஊருக்குச் செல்வதே அச்சமாயிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டத்திற் பறித்தது. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் அன்று பட்ட துயர் சொல்லுந்தரமன்று. அவற்றையெல்லாம் கடந்து, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இன்று ஒரே நகரிலே தாய்மாருக்குப் பணிபுரிகின்றன. சோதனையிலே குற்றம் கண்டால் அனுப்புவதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடம் இல்லையேல் சோதனை வெறும் செய்தியாகவே முடியும்.

இன்று கர்ப்பிணி ஒருத்தி கிளினிக்குக்குச் சென்றால், எடை, குருதியமுக்கம், சிறுநீர், ஈமோகுளோபின், இரத்த வகை, சர்க்கரை, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகிய அனைத்தும் பார்க்கப்படுகின்றன. தாயிடமிருந்து சிசுவுக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென 2019 ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நோயுள்ளோரை மட்டும் தேர்ந்து சோதித்திருந்தால் இப்பேறு கிட்டியிராது. எல்லாத் தாய்மாரையும் ஒரே முறையிலே சோதித்தமையால், சோதனைக்கு உட்படுவது எவருக்கும் இழுக்காகவில்லை.

ஆயினும் ஒரு வாயில் இன்னும் பாதியே திறந்திருக்கின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அங்குள்ள கலங்கள் மாறத் தொடங்குகின்றன. அம்மாற்றத்தைக் கண்ணாடித் தட்டிலே எடுத்துக் காணும் முறையை, கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவிலே பணிபுரிந்த பபனிகொலோ 1940 களிலே நிலைநாட்டினார். இலங்கையிலே 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்கி வருகின்றன. 35 வயதை எட்டும் பெண்கள் அங்கு அழைக்கப்படுகின்றனர். 2017 முதல் பாடசாலைச் சிறுமியருக்கு அந்நோயைத் தடுக்கும் ஊசியும் போடப்படுகின்றது. இருந்தும், கர்ப்பிணியாகத் தவறாது கிளினிக் சென்ற அதே பெண், 35 வயதிலே செல்லத் தயங்குகின்றாள். அன்று பிள்ளைக்காகச் சென்றாள். இன்று தனக்காகச் செல்ல வேண்டியிருக்கின்றது. நாணமும், நோய் இல்லாதபோது சோதனை ஏன் என்ற எண்ணமும் காலைக் கட்டுகின்றன.

நாணத்தைப் பழிப்பதற்கில்லை, அது இச்சமூகத்தின் அணி. அதனை மதிக்கும் பொருட்டே தனியறையும் பெண் ஊழியரும் வேண்டும். நோய் இல்லாதபோது சோதனை ஏன் என்ற வினாவுக்கு விடையை இவ்வரலாறே தருகின்றது. வலிப்பு வருமுன் குருதியமுக்கத்தை அளந்தமையாலேயே தாய்மார் பிழைத்தனர். வந்தபின் அளந்திருந்தாற் பயன் சிறிதே. இக்கரையிலே மகளைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்பவள் பெரும்பாலும் தாயே. ஒருநாள் மகள் தாயை நோக்கி, ‘உம்மா, இம்முறை நீங்கள் வாருங்கள்’ என்று அழைக்க வேண்டும். அவ்வழைப்பு வீடுதோறும் எழுமாயின், எஞ்சியுள்ள வாயிலும் முழுதும் திறக்கும்.