மகாவமிசமும் எல்லாள மன்னனும்

பண்டை மன்னர் வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பேணிய பெருமை ஈழத்துப் பௌத்த பிக்குகளுக்கு உண்டு. அவர்தம் நூல்களுள் காலத்தால் முந்தியது கி. பி. 4ஆம் நூற்றாண்டளவில் எழுந்த தீபவமிசமாகும். அதன்பின் அநுராதபுரத்து மகாவிகாரை மரபைத் தழுவி மகாநாம தேரர் இயற்றியதாகக் கொள்ளப்படுவது மகாவமிசம். பாளி மொழியிலே செய்யுளாக அமைந்த இந்நூல் 37 அதிகாரங்களில், மகாசேனன் ஆட்சி வரையுள்ள செய்திகளைக் கூறுகின்றது. பிற்காலத்துத் தேரர்கள் இதனைத் தொடர்ந்து எழுதியன சூளவமிசம் எனப்படும்.

இந்நூல்களை வெறும் புராணமென்று ஒதுக்குதல் பொருந்தாது. பியதசி என்னும் பெயருடன் இந்தியாவிற் காணப்பட்ட கல்வெட்டுக்கள் எம்மன்னனுடையவை என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1837இல் ஜோர்ஜ் டேர்னர் தீபவமிசத்தின் துணைகொண்டு அவன் அசோகனே எனக் காட்டினார். 1915இல் கண்டெடுக்கப்பட்ட மாஸ்கிக் கல்வெட்டு அசோகன் என்னும் பெயரையே தாங்கி, அம்முடிபை உறுதிப்படுத்திற்று.

ஆயினும், இவை நடுநிலை நின்று வரலாறு உரைக்கும் நோக்குடன் எழுந்தனவல்ல. நல்லோர் உள்ளத்திற் பத்தியும் தெளிவும் விளைதலே தம் நோக்கமென மகாவமிச ஆசிரியர் அதிகாரந்தோறும் இறுதியிற் கூறுவர். தீபவமிசம் துட்டகைமுனுவைச் சில பாக்களிற் கூறி அமைகின்றது. மகாவமிசமோ அவனுக்கு 11 அதிகாரங்களை வகுக்கின்றது. அம்மன்னன் காலத்துக்கும் நூலாசிரியர் காலத்துக்கும் இடைவெளி அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகும். சமயத்தைக் காத்த வீரனாக அவனை உயர்த்துதலே ஆசிரியர் கருத்தென்பது இவ்விரிவினால் இனிது புலப்படும்.

இத்தகைய நூல், அவனுடைய பகைவனை எங்ஙனம் காட்டுகின்றது என்பதே சிந்திக்கற்பாலது. சோழநாட்டினின்றும் வந்த எல்லாளன் 44 ஆண்டுகள் அரசுபுரிந்தான். வழக்கிடையே நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒப்ப நீதி வழங்கினான் என்று அது கூறுகின்றது. கன்றிழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, மன்னன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்ட செய்தியும் அதிலுண்டு. தமிழ் மரபு இதனை மனுநீதிச் சோழன்மேல் ஏற்றியுரைக்கும். தன் தேர் பட்டுத் தூபியொன்றின் 15 கற்கள் பெயர்ந்தமைக்காக அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான் என்றும் அந்நூல் கூறும். பௌத்த சமயத்தைச் சாராமையே அவன்மேல் ஏற்றப்படும் குறையாகும்.

அநுராதபுரத்தின் தென்வாயிலருகே எல்லாளன் வீழ்ந்தபோது, துட்டகைமுனு அவனுக்கு ஈமக்கடன் செய்வித்து, அவ்விடத்தே நினைவுச்சின்னம் எழுப்பி, வழிபாடு நிகழ ஆணையிட்டான். அவ்விடத்தை அணுகும் மன்னர் தம் வாத்தியங்களை நிறுத்தும் வழக்கம் தம் காலத்தும் நிலவியதென ஆசிரியர் உரைக்கின்றார்.

இவ்விருவரும் பொருத போரையே நினைந்து, அதனை இரு இனங்களின் தீராப் பகையாக விரித்துரைப்போர் பிற்காலத்திற் பலராயினர். அவர்கள் இச்செய்தியைக் கருதினாரல்லர். தம் சமயத்தின் வெற்றியைப் பாட முற்பட்ட தேரரே மாற்றானின் செங்கோன்மையை மறைக்க ஒருப்படவில்லை. ஒரு நூல் தன் நோக்கத்துக்கு இயையாத செய்தியையும் கைவிடாது பேணுமாயின், அச்செய்தி பெரிதும் மதிக்கத்தக்கது. நூலின் நோக்கத்தை அறிந்து, அதற்கு அடங்காது எஞ்சிநிற்பதையும் நோக்குவதே வரலாறு கற்பார்க்கு முறையாகும்.