பத்து சதவீதமும் ரெண்டு தோழிகளும்

போன வருஷம் வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட்டேன். டிசைன் போட்டுக் கொடுத்தவர் என்கிட்டயும் காசு வாங்கினார், எனக்குத் தெரியாம பிளைவுட் கடையிலயும் கமிஷன் வாங்கினார். கடுப்புல, "இந்தத் தொழிலை யாருய்யா ஆரம்பிச்சு வச்சது?" என்று தேடப் போனப்ப கிடைச்சவங்கதான் எல்ஸி டி உல்ஃபும் எலிசபெத் மார்பரியும். ஆணி நிறைய இருந்தும் ரெண்டு ராத்திரி தூங்காம படிச்சேன் :-)

எல்ஸி நியூயார்க் நாடக நடிகை. நடிப்பு சுமார்தான். ஆனா மேடையில் அவர் போட்டு வரும் பாரிஸ் கவுன்களைப் பார்க்கவே கூட்டம் வரும். மார்பரி நாடக ஏஜென்ட். ஆஸ்கார் வைல்ட், பெர்னார்ட் ஷா எல்லாம் அவரோட வாடிக்கையாளர்கள். பிரெஞ்சு நாடக ஆசிரியர்கள் மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கிட்டு ஒதுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்க வசூலில் அவங்களுக்குச் சதவீதம் வாங்கிக் கொடுத்தவர். இந்த 'சதவீத'த்தை ஞாபகம் வச்சுக்குங்க.

1892ல் ரெண்டு பேரும் ஜோடியா இர்விங் பிளேஸ் முனையில் ஒரு வீட்டில் குடியேறினாங்க. அன்றைய பணக்கார வீடுன்னா கனத்த வெல்வெட் திரை, இருண்ட மரவேலை, கால் வைக்க இடமில்லாம சாமான். எல்ஸி எல்லாத்தையும் ஏறக்கட்டினார். மரத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சார். பழைய பிரெஞ்சு நாற்காலிகளைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த நியூயார்க் பிரபலங்களுக்கு அந்த வீடே விளம்பரம் ஆச்சு.

1905ல் நடிப்பை விட்டார். அதே வருஷம் பெரிய ஆர்டர். பெண்களுக்கான காலனி கிளப். அதைத் தொடங்கினவர்களில் மார்பரியும் ஒருவர். கட்டடக்கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட்டும் எல்ஸிக்குத்தான் சிபாரிசு. 1907ல் கதவு திறந்தப்போ உள்ளே வெளிர் நிறங்கள், தோட்டத்தில் இருக்கவேண்டிய மரத்தட்டி தேநீர் அறைச் சுவரில், எங்க பார்த்தாலும் பூப்போட்ட சீட்டித் துணி. ஆமாங்க, 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போய் ஐரோப்பாவை மயக்கின அதே சீட்டிதான். பிறகு அங்கேயே அச்சடிக்கக் கத்துக்கிட்டாங்க. எல்ஸிக்குப் பட்டப்பெயரே 'சீட்டிச் சீமாட்டி'.

உண்மையான பணம் ஆன்டிக் சாமானில் வந்தது. ஐந்தாம் அவென்யூவில் மாளிகை கட்டிக்கொண்டிருந்த எஃகு, நிலக்கரிக் கோடீஸ்வரர் ஹென்றி கிளே ஃப்ரிக், 1913 வாக்கில் இரண்டாம் தளத்துக்கு எல்ஸியை அமர்த்தினார். வாங்கும் சாமான் விலையில் பத்து சதவீதம் அவருக்கு. பாரிஸில் ஒரு பெரிய பிரபுக் குடும்பத்து அரிய சாமான்கள் விற்பனைக்கு வந்தப்போ ஃப்ரிக்கை அழைச்சுக்கிட்டுப் போனார். கோல்ஃப் ஆடப் போகிற அவசரத்தில் மனுஷன் ஒதுக்கினது அரை மணி நேரம். அதுக்குள்ளே வாங்கிக் குவிச்சதில் தன் பங்கு மட்டுமே தன்னைப் பணக்காரி ஆக்கியதுன்னு எல்ஸியே சுயசரிதையில் சொல்லியிருக்கார்.

நம்ம தொழிலில் டைம் அண்ட் மெட்டீரியல் பில்லிங் பார்த்தவங்களுக்கு இதில் உள்ள வில்லங்கம் உடனே புரியும். வாடிக்கையாளர் செலவு ஏற ஏற என் பங்கும் ஏறும்; நான் ஏன் மலிவானதைக் காட்டப்போறேன்? ஆனா ஒண்ணு. அந்தப் பத்து சதவீதம் ஃப்ரிக்குக்குத் தெரிஞ்சே கொடுத்தது. எது அசல், எது போலி, எது எங்கே பொருந்தும் என்று பார்க்கிற கண்ணுக்கான கூலி. என் கிச்சன்காரர்கிட்ட எனக்குக் கோபம் கமிஷனுக்காக இல்லை, அதை மறைச்சதுக்காகத்தான்.

கலைக்கும் சதவீதம் கேட்கலாம்னு எல்ஸிக்குச் சொல்லிக்கொடுத்தது மார்பரியாத்தான் இருக்கணும் என்பது என் ஊகம். முதல் பெரிய ஆர்டரும் அவர் வட்டத்திலிருந்து வந்ததுதானே. 1926ல், அறுபது தாண்டிய எல்ஸி, சர் சார்ல்ஸ் மெண்டல் என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். மார்பரிக்கு ரொம்ப வருத்தம். ஆனாலும் 1933ல் மார்பரி இறந்தப்போ சொத்தின் பெரும்பகுதி எல்ஸிக்கே எழுதி வச்சிருந்தார். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்த அம்மா, இங்கே மட்டும் பார்க்கலை.

கொசுறு: அந்த இர்விங் பிளேஸ் வீட்டுச் சுவரில், எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் வாழ்ந்த வீடுன்னு ஒரு பலகை உண்டு. அவர் அங்கே வாழவே இல்லை! ஆன்டிக் சாமான் வாங்கும்போது கூட வர்ற கதையையும் கொஞ்சம் தட்டிப் பார்த்து வாங்குங்க மக்களே.